ஜிலினாவில் முதலிடம் பிடித்தவரும் பட்டம் வாங்கியவரும்

2009 ஏப்ரல் 24 முதல் 27 வரை ஸ்லோவாக்கியாவின் வடக்கே இருக்கிற ஜிலினா நகரத்தில் நான்காவது உலக சுடோகு சாம்பியன்ஷிப் நடந்தது. தகுதிச் சுற்றுகள் முடிந்து பட்டியல் போட்டபோது முதல் பெயர் அமெரிக்காவின் தாமஸ் ஸ்னைடர். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் உலகப் பட்டம் அவரிடம்தான் இருந்தது, அதனால் மூன்றாவது முறையும் அவர்தான் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் தகுதிச் சுற்றுக்கு அப்புறம் 36 பேர் மோதுகிற பிளே-ஆஃப் ஒன்று பாக்கி இருந்தது. அதிலிருந்து மேலே வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றவர் போலந்தின் யான் ம்ரொசோவ்ஸ்கி.

இந்த ஒரு போட்டியை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சுடோகு பற்றித் தமிழில் வருவதெல்லாம் பெரும்பாலும் மூளைக்கு நல்லது, ஞாபக சக்தி கூடும் என்கிற ரகம்தான். அதை ஒரு போட்டியாக எடுத்துக்கொண்டு, ஆட்டக்காரர்கள் யார், சுற்றுகளை எப்படி அமைக்கிறார்கள், யார் எதனால் ஜெயித்தார்கள் என்று பேசுவது அபூர்வம். ஜிலினாவை வைத்துப் பேசினால் இது எல்லாமே உள்ளே வந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ம்ரொசோவ்ஸ்கி வாங்கிய பட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் 36 பேரைக் கடைசிக் கட்டத்துக்குள் விட்ட அந்த அமைப்பு நல்ல அமைப்பு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் கிடையாது, ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. நாம் இன்றைக்குப் போடுகிற வடிவத்தில் இந்தப் புதிர் 1979-இல் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழில் 'நம்பர் ப்ளேஸ்' என்ற பெயரில் வந்தது. உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது, சுடோகு என்ற பெயர் அங்கேதான் பிறந்தது, அதை வைத்தவர் மாகி காஜி. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கூல்ட், புதிர்களைத் தானே உருவாக்கித் தரும் கணினி நிரல் ஒன்றை எழுதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 2004 நவம்பரில் அது அங்கே வெளியாக ஆரம்பித்தது. அடுத்த ஒரு வருடத்துக்குள் உலகத்தில் பாதிப் பத்திரிகைகளில் அந்தக் கட்டம் வந்துவிட்டது. இத்தனை பேர் போட ஆரம்பித்த பிறகு யார் வேகமானவர் என்ற கேள்வி வராமல் இருக்குமா?

2006 மார்ச்சில் இத்தாலியின் லுக்காவில் முதல் உலக சாம்பியன்ஷிப். நகரத்தைச் சுற்றிப் பழைய மதில் இன்னும் முழுசாக நிற்கிற ஊர் அது. 22 நாடுகளிலிருந்து 85 பேர் வந்தார்கள். கடைசியில் மேலே நின்ற மூன்று பேரைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு பேர் இந்தக் கதையில் திரும்ப வருவார்கள். பட்டம் வாங்கியவர் செக் குடியரசைச் சேர்ந்த யானா டிலோவா, 31 வயது, கணக்கு வேலை பார்ப்பவர். இரண்டாவது தாமஸ் ஸ்னைடர், அப்போது ஹார்வர்டில் வேதியியல் ஆராய்ச்சி மாணவர். மூன்றாவது வெய்-ஹ்வா ஹுவாங், கூகுளில் மென்பொருள் பொறியாளர். இந்த ஹுவாங் சாதாரண ஆள் இல்லை. சுடோகு மட்டும் இல்லாமல் எல்லா வகைத் தர்க்கப் புதிர்களும் இடம்பெறும் உலகப் புதிர் சாம்பியன்ஷிப் என்று ஒன்று 1992 முதல் நடக்கிறது, அதில் 1995, 1997, 1998, 1999 என்று நான்கு முறை தனிநபர் பட்டம் வாங்கியவர். அப்படிப்பட்டவரையும் தாண்டித்தான் டிலோவா ஜெயித்தார். முதல் உலக சுடோகு சாம்பியன் ஒரு பெண் என்பது நம் ஊர்ப் பொது அறிவுப் புத்தகங்களில்கூட வந்திருக்க வேண்டிய செய்தி.

அடுத்த வருடம், 2007-இல், போட்டி டிலோவாவின் நாட்டுக்கே போனது. பிராகில் ஸ்னைடர் பட்டத்தைப் பிடித்தார், அணிப் பட்டம் ஜப்பானுக்கு. 2008 ஏப்ரலில் போட்டி இந்தியாவுக்கு, கோவாவுக்கு வந்தது. அங்கேயும் ஸ்னைடர்தான். அணிப் பட்டம் செக் குடியரசுக்கு. கோவாவில் புதிதாக கிளாசிக் கோப்பை என்று ஒன்றும் கொடுத்தார்கள், அதாவது வழக்கமான 9×9 சுடோகுவில் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் தனியாகக் கூட்டி அதில் முதலாவது யார் என்று பார்ப்பது. அதையும் ஸ்னைடரே வாங்கினார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில பேர் சாதாரண சுடோகுவில் மின்னல், விதி கொஞ்சம் மாறினால் தடுமாறுவார்கள். இன்னும் சில பேர் அதற்கு நேர் எதிர். இரண்டிலும் ஒரே ஆள் முன்னால் நிற்கிறார் என்றால் ஜிலினாவுக்குப் போகும்போது அவரைத்தான் ஜெயிக்க வேண்டிய ஆளாக எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சரி, இந்தப் போட்டியில் உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் தகுதிச் சுற்றுக்கும் பிளே-ஆஃபுக்கும் உள்ள வித்தியாசம் புரியாது.

இந்த மாதிரிப் போட்டிகளின் பொதுவான முறை இது. சில வாரங்களுக்கு முன்பே ஒரு விதிப் புத்தகம் வெளியிடுவார்கள். எந்தச் சுற்றில் எத்தனை புதிர், என்னென்ன வகை, எதற்கு எவ்வளவு மதிப்பெண், எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருக்கும், போட்டியில் வரப்போகிற புதிர் மட்டும் இருக்காது. ஆட்டக்காரர்கள் அதை வைத்துப் பழகிக்கொண்டு வருவார்கள். போட்டி நாளில் ஆளுக்கு ஒரு மேசை, பென்சில், ரப்பர், கவிழ்த்து வைத்த புதிர்க் கட்டு. மணி அடித்ததும் திருப்ப வேண்டும். எந்தப் புதிரை முதலில் போடுவது, எதை விடுவது எல்லாம் அவரவர் விருப்பம். ஒரு புதிரில் 81 கட்டமும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண், ஒரு கட்டம் தப்பினால் பூஜ்யம், நடுவில் ஒன்றும் கிடையாது. நேரத்துக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டால் மிச்ச நேரத்துக்குக் கூடுதல் மதிப்பெண். மேல்மட்ட ஆட்டக்காரர்களுக்குள் வித்தியாசம் வருவது பெரும்பாலும் இந்தக் கூடுதலில்தான்.

வகைகள் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இந்தப் போட்டியின் உயிர். ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒரு முறை மட்டும் வர வேண்டும் என்று பத்திரிகையில் வருகிற சாதாரண சுடோகு இதில் ஒரு பகுதி மட்டும். மூலைவிட்டங்களிலும் 1 முதல் 9 வரை வர வேண்டும் என்பது ஒரு வகை. 3×3 பெட்டிக்குப் பதிலாகக் கோணல்மாணலான வடிவங்கள் இன்னொரு வகை. வெப்பமானி மாதிரி ஒரு கோடு வரைந்து, குமிழிலிருந்து நுனி வரைக்கும் எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பது ஒன்று. ஆறு கட்டம் நீளமுள்ள வெப்பமானி என்றால் குமிழில் 4-க்கு மேல் எதுவும் வர முடியாது, 5 வைத்தால் நுனியில் 10 வந்து நிற்கும். கூண்டு வகை, அதாவது கில்லர் சுடோகு, எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டங்களைப் புள்ளிக் கோட்டால் கூண்டு கூண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கூட்டுத்தொகை மட்டும் கொடுப்பார்கள், எண் ஒன்றுகூடக் கொடுக்காமலும் விடுவார்கள்.

அதில் ஒரு சின்ன இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1 முதல் 9 வரை கூட்டினால் 45, ஆகவே எந்த வரிசையும், எந்தப் பெட்டியும் 45-தான். ஒரு 3×3 பெட்டிக்குள் முழுசாக அடங்கிய கூண்டுகளைக் கூட்டினால் 38 வருகிறது, அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கட்டம் மட்டும் பக்கத்துப் பெட்டியோடு பகிர்ந்துகொள்ளும் கூண்டில் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கட்டத்தில் 7. யோசிக்கவே வேண்டாம். அந்தப் பகிர்ந்த கூண்டு இரண்டு கட்டம், தொகை 10 என்றால் மறுபக்கம் 3. ஒரே மூச்சில் இரண்டு எண் உட்கார்ந்துவிட்டது. புதிதாக வருபவர் கூண்டு கூண்டாகப் போய் எந்தெந்த எண்கள் சேர்ந்தால் இந்தத் தொகை வரும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டிருப்பார். பழகியவர் கட்டத்தைப் பார்த்த உடனே எங்கே 45 உதவும் என்று தேடுவார். போட்டியில் வேகம் என்று நாம் சொல்வது கை எழுதுகிற வேகம் இல்லை, அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிகிற வேகம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சுடோகுவில் தப்பு நடந்த இடத்தில் அது தப்பு என்று தெரியாது. ஒரு வரிசையில் 4-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால் அடுத்த முப்பது கட்டம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போவது போலவே இருக்கும், கடைசியில் ஒரு பத்தியில் இரண்டு 4 நிற்கும். எங்கே பிசகியது என்று தேடுவதா, முழுசாக அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதா, இல்லை இதை இப்படியே விட்டுவிட்டு அடுத்த புதிருக்குப் போவதா? தகுதிச் சுற்றில் மூன்றாவது வழி எப்போதும் திறந்தே இருக்கும். பத்துப் பன்னிரண்டு புதிர் இருக்கிற கட்டில் ஒன்று போனால் ஒன்றுதான் போகும். நல்ல ஆட்டக்காரர் சட்டென்று விட்டுவிட்டுப் போய், நேரம் மிஞ்சினால் திரும்பி வருவார்.

பிளே-ஆஃபில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. புதிர்கள் கொஞ்சம், நேரமும் கொஞ்சம். முன்னால் இருப்பதை முடித்தால்தான் அடுத்தது என்று வைப்பது வழக்கம். முடித்ததும் கையைத் தூக்க வேண்டும், நடுவர் வந்து பார்ப்பார், தப்பு என்றால் அபராதம். ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொண்டால் எழுந்து வேறு பக்கம் போக முடியாது, அந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு நாள் முழுக்கக் காட்டிய திறமையும் இந்தக் கால் மணி நேரத்தில் கேட்கிற திறமையும் ஒன்றுக்கொன்று சொந்தம்தான், ஆனால் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது.

இதைக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். இது என் கணக்கு, ஜிலினாவின் மதிப்பெண் பட்டியலை வைத்துப் போட்டது இல்லை, அளவு புரிவதற்காக மட்டும். ஒரு ஆட்டக்காரர் அவ்வளவு வலுவானவர், எந்த எதிராளியோடு தனியாக உட்கார்ந்தாலும் பத்தில் ஒன்பது தடவை ஜெயிப்பார் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் மோதும் இறுதிச் சுற்றில் மற்ற ஏழு பேரையும் ஒரே சமயத்தில் தாண்ட வேண்டும் என்றால் 0.9-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 0.48 வரும், அதாவது பாதிக்குக் கொஞ்சம் கீழே. 35 பேரைத் தாண்ட வேண்டும் என்றால் 0.9-ஐ 35 முறை பெருக்க வேண்டும், அது 0.025. நூற்றுக்கு இரண்டரை!

உண்மையில் இவ்வளவு மோசமாக இருக்காது. அவருக்கு அன்றைக்கு நல்ல நாள் என்றால் எல்லோரையும் சேர்த்தேதான் தாண்டுவார், ஒவ்வொருவரோடும் தனித்தனியாகக் காசு சுண்டிப் பார்ப்பது போல அது நடக்காது. பட்டியலில் முப்பதாவது இடத்தில் இருப்பவரிடம் அவர் தோற்கிற வாய்ப்பு பத்தில் ஒன்றைவிட ரொம்பக் குறைவு. இதையெல்லாம் சேர்த்தால் அந்த இரண்டரை நன்றாகவே மேலே ஏறும். ஆனால் திசை மாறாது. உள்ளே விடுகிற ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூட, முதலிடத்தில் வந்தவருக்கு அந்த முதலிடத்தின் மதிப்பு கரைந்துகொண்டே போகும். எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்கும் 36 பேர் பிளே-ஆஃபுக்கும் நடுவில் இருப்பது வெறும் அளவு வித்தியாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. 36 பேரை எடுக்கும்போது தகுதிச் சுற்றில் முதலாவதாக வருவதற்கும் பத்தாவதாக வருவதற்கும் என்ன பலன் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

நம் ஆட்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள், ஐபிஎல் பார்க்கிறவர்கள்தானே. லீக் பட்டியலில் முதல் இடத்தில் முடித்த அணிக்குக் கோப்பை உறுதி இல்லை, ஆனால் முதல் இரண்டு இடத்துக்குள் வந்த அணி ஒரு முறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இரண்டு மாதம் உழைத்ததற்கு ஏதோ ஒரு கூலி அந்த அமைப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அதே லீக்கில் பத்து அணியையும் பிளே-ஆஃபுக்கு அனுப்பினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மேசையில் குனிந்து பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் நூறு பேரை யாரும் பார்க்க முடியாது. பார்வையாளருக்கு ஒரு முடிவு வேண்டும், மேடை வேண்டும், யார் முதலில் கையைத் தூக்குகிறார் என்ற படபடப்பு வேண்டும். அதோடு, அழுத்தத்தில் தப்பில்லாமல் போடுவதும் திறமைதான், உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்பவருக்கு அது இருக்க வேண்டும். இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். பிளே-ஆஃபே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை.

அன்றைக்கு அந்த 36 பேரில் மேலே வந்தவர் ம்ரொசோவ்ஸ்கி. மேலே போட்ட கணக்கு அவருக்கும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது, அவரும் 35 பேரைத் தாண்டித்தான் வந்தார். ஸ்னைடருக்குக் கஷ்டமாக இருந்த அதே அமைப்பு அவருக்கும் கஷ்டமானதுதான், அவருக்கு மட்டும் யாரும் கதவைத் திறந்து வைக்கவில்லை. அணிப் போட்டி ஜிலினாவில் தனியாக, மூன்று பேர் கொண்ட அணிகளாக நடந்தது, அதில் சொந்த மண்ணில் ஸ்லோவாக்கியாவே ஜெயித்தது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்த நிகழ்வை எனக்கு மறக்க முடியாததாக ஆக்குகிறது.

அடுத்த போட்டி 2010 ஏப்ரல் 29 முதல் மே 2 வரை, அமெரிக்காவின் பிலடெல்பியாவில். ஸ்னைடரின் சொந்த நாடு. ஒரு வருடம் முன்னால் தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தும் பட்டத்தை விட்டவர், தன் நாட்டில் நடக்கிற போட்டியில் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்றுதானே நினைப்பார்? அவர் போட்டியாளராகவே உட்காரவில்லை. அந்த வருடத்துப் புதிர்களை எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர், ஒருவர் தாமஸ் ஸ்னைடர், இன்னொருவர் வெய்-ஹ்வா ஹுவாங். லுக்காவில் டிலோவாவுக்கு அடுத்து இரண்டாவதும் மூன்றாவதுமாக நின்ற அதே இருவர். அவர்கள் அதற்கு முன்பே சேர்ந்து விதம்விதமான சுடோகுகள் கொண்ட ஒரு புத்தகமும் போட்டிருந்தார்கள். புதிர் எழுதியவர் போட்டியில் கலந்துகொள்ள முடியாது, அது சொல்லாமலே புரிகிற விதி.

ஸ்னைடர் எழுதிய புதிரை ம்ரொசோவ்ஸ்கி போட்டு, பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். தன் பட்டத்தைப் பிடித்தவருக்கு இவரே கேள்வித்தாள் தயாரிக்கிறார், அவர் அதில் தேறி மறுபடியும் உலக சாம்பியன் ஆகிறார். அணிப் பட்டம் ஜெர்மனிக்கு. ஜிலினாவில் நடந்தது அதிர்ஷ்டம் என்று யாராவது மனதுக்குள் நினைத்திருந்தால் அதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இங்கே புதிர் எழுதுவது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது லேசான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிரம் சுடோகு வரும், உண்மைதான். 9×9 கட்டத்தை முழுசாக நிரப்பும் வழிகள் மட்டுமே 6,670,903,752,021,072,936,960 என்று 2005-இல் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள், அதனால் சரக்குத் தீர்ந்துபோகும் பயமே இல்லை. ஆனால் கணினி தருகிற புதிரில் போகிற வழி எப்படி அமையும் என்பது பெரும்பாலும் தற்செயல். ஒரு இடத்தில் முட்டுச்சந்து மாதிரி நிற்கும், அப்புறம் முப்பது கட்டம் சும்மா நிரம்பும். கையால் எழுதுகிறவர்கள் போடுபவரின் கண் முதலில் எங்கே போகும், எந்த இடத்தில் யோசிக்க வைக்க வேண்டும், அந்த முடிச்சு அவிழ்ந்ததும் எது தானாக விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். ஜப்பானில் நிகோலி ஆரம்பத்திலிருந்து இப்படிக் கையால் செய்த புதிர்களையே போட்டுவந்தது. ஸ்னைடரும் அந்த வழியில் வந்தவர், பின்னாளில் கையால் எழுதிய புதிர்களை மட்டும் வெளியிடுகிற பதிப்பகம் ஒன்றையே நடத்தினார்.

போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்றால் இது ரொம்ப முக்கியம். வழியே தெரியாத புதிரில், இரண்டு எண்ணில் ஒன்றை வைத்துப் பார்ப்போம், சரியாக வராவிட்டால் மற்றது என்று குத்துமதிப்பாகப் போகிறவர் ஜெயித்துவிடுவார். அரை வாய்ப்பு அவர் பக்கம். பத்துப் பன்னிரண்டு புதிர் உள்ள சுற்றில் இந்த அதிர்ஷ்டமெல்லாம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும், இரண்டே புதிர் உள்ள இறுதிச் சுற்றில் சமமாக நேரம் இல்லை. ஆகவே பிளே-ஆஃப் வைக்கிறவர்கள் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதோடு நிறுத்தக் கூடாது, அங்கே வைக்கிற புதிர் ஊகத்துக்கு இடம் கொடுக்காததாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல ஆட்டக்காரரே உட்கார்ந்து எழுதினால் அது எளிதில் நடக்கும்.

2011-இல் போட்டி ஹங்கேரியின் எகெருக்குப் போனது. அந்த வருடத்திலிருந்து உலக சுடோகு சாம்பியன்ஷிப்பையும் உலகப் புதிர் சாம்பியன்ஷிப்பையும் ஒரே ஊரில் அடுத்தடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். ஸ்னைடர் திரும்பவும் போட்டியாளராக வந்தார், மூன்றாவது பட்டத்தை வாங்கினார். 2012-இல் குரோஷியாவின் க்ரால்யெவிட்சாவில் ம்ரொசோவ்ஸ்கிக்கு மூன்றாவது பட்டம். ஆக 2007 முதல் 2012 வரை ஆறு வருடம், ஆறு பட்டம், இரண்டே பேர், ஆளுக்கு மூன்று. ஜிலினாவில் ஆரம்பித்த கேள்விக்கு இதைவிட நேரான விடையை எந்த அமைப்பாளரும் திட்டம் போட்டு வரவழைத்திருக்க முடியாது. இரண்டு பேருமே அந்தக் காலத்தின் உச்சத்தில் இருந்தவர்கள். நடுவில் 2009-இல் ஒரு வருடப் பட்டம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முடிவு செய்ததில் அமைப்புக்கும் ஒரு பங்கு இருந்தது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

அப்புறம் காலம் மாறியது. 2013-இல் பெய்ஜிங்கில் சீனாவின் ஜின் சே. 2014 லண்டன், 2015 சோஃபியா இரண்டிலும் ஜப்பானின் கோட்டா மொரினிஷி. 2016-இல் ஸ்லோவாக்கியாவின் செனெட்ஸில் எஸ்தோனியாவின் டீட் வுன்க். 2017-இல் போட்டி மறுபடியும் இந்தியாவுக்கு, இந்த முறை பெங்களூருக்கு வந்தது, அங்கேயும் அடுத்த வருடம் பிராகிலும் மொரினிஷிதான். நான்கு உலகப் பட்டம். சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது, அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் பெரிதாகப் பேச்சே எழவில்லை என்பதில் எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு. தினமும் ஒரு பக்கத்தில் சுடோகு போடுகிற பத்திரிகைகள் அவை. ஸ்னைடரும் ஓய்ந்துவிடவில்லை, உலகப் புதிர் சாம்பியன்ஷிப்பையும் பின்னர் ஜெயித்து, சுடோகு, புதிர் இரண்டிலும் உலகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஆனார்.

போட்டி அமைப்பிலும் நல்ல மாற்றங்கள் வந்தன. 2013 முதல் உலகப் புதிர்க் கூட்டமைப்பு இணையத்திலேயே சுடோகு கிராண்ட் பிரிக்ஸ் என்று நடத்துகிறது, வருடத்துக்கு எட்டுச் சுற்று, சுற்றுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு நாட்டுக்காரர் புதிர் எழுதுவார். வீட்டில் உட்கார்ந்தே எவரும் கலந்துகொள்ளலாம். அதில் முன்னணியில் வருகிற பத்துப் பேருக்குத்தான் நேரில் இறுதிச் சுற்று. 36 எங்கே, பத்து எங்கே!

அதோடு புதிர்ப் போட்டிகளில் இப்போது பழக்கத்துக்கு வந்துவிட்ட இன்னொரு முறை எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. இறுதிச் சுற்றில் எல்லோரும் ஒரே நொடியில் தொடங்குவதில்லை. தகுதியில் முதலாவதாக வந்தவர் முதலில் ஆரம்பிப்பார், அடுத்தவர் அவரைவிட எத்தனை மதிப்பெண் பின்தங்கினாரோ அதற்கேற்ற நேரம் காத்திருந்து ஆரம்பிப்பார். யார் முதலில் எல்லாவற்றையும் சரியாக முடிக்கிறாரோ அவர் சாம்பியன். மேடையும் கிடைக்கிறது, படபடப்பும் கிடைக்கிறது, முந்தைய நாள் உழைப்பும் வீணாகவில்லை. பார்க்கிறவர்களுக்கும் யார் முன்னால் இருக்கிறார் என்பது கண்ணெதிரே தெரியும்.

நம் ஊரில் பள்ளிகளிலும் கல்லூரி விழாக்களிலும் சுடோகு போட்டி வைக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், செலவு ஒன்றும் இல்லை. முதல் சுற்றில் ஒரே ஒரு புதிரைக் கொடுத்து யார் முதலில் முடித்தார் என்று பார்த்து அனுப்பிவிடாமல், 40 நிமிடத்துக்கு எட்டுப் புதிர் கொடுங்கள், அதில் பாதி வேறு வகையாக இருக்கட்டும், மூலைவிட்டம், கோணல் பெட்டி, கூண்டு என்று. விதிகளை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். மேலே வந்த ஆறு பேரை மட்டும் மேடைக்குக் கூப்பிடுங்கள், ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு ஒரு நொடி என்று வைத்து ஒருவர் பின் ஒருவராகத் தொடங்க விடுங்கள். தப்பாகக் கை தூக்கினால் ஒரு நிமிடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேடைக்கு வைக்கிற புதிர்களை மட்டும் கணினியிலிருந்து எடுக்காமல், சுடோகு தெரிந்த ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொல்லி, இன்னும் இரண்டு பேரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை ஒன்றே ஒன்றுதானா, எங்கேயாவது ஊகிக்க வேண்டி வருகிறதா என்று அவர்கள் போட்டுப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.